பயாஃப்ரா போர் நாவலை வாசிக்க வழிகாட்டுங்கள்

அனைவருக்கும் வணக்கம். 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் நடந்த பயாஃப்ரா போரைக் களமாகக் கொண்ட ஒரு நாவலை ஆங்கிலத்தில் வாசித்து வருகிறேன். நூறு பக்கங்களைத் தாண்டியும், பயாஃப்ரா என்ற தனிநாடாகப் பிரிந்த கிழக்குப் பகுதியில் பெரும்பான்மையாக வாழ்ந்த இக்போ மக்களின் வீட்டை வாசலில் நின்று எட்டிப் பார்ப்பதுபோலவே இருக்கிறது.

ஓரிடத்தில் விருந்தாளியின் முன் கோலா கொட்டைகள் வைத்த தட்டு நீட்டப்படுகிறது. மூத்தவர் ஒருவர் அதைக் கையில் ஏந்தி, முன்னோரை வேண்டி, உடைத்துப் பகிர்ந்த பிறகே பேச்சு தொடங்குகிறது. நம் வெற்றிலைத் தட்டை நினைத்துக்கொண்டு அதை வேகமாகக் கடந்துவிட்டேன். யார் உடைக்கிறார், யாருக்கு முதலில் தரப்படுகிறது என்பதிலேயே அங்கிருப்போரின் உறவுநிலை முழுவதும் அடங்கியிருப்பது பின்னர்தான் புரிந்தது. இப்படி இன்னும் எவற்றையெல்லாம் தவறவிட்டேனோ என்று கவலையாக உள்ளது.

1966 ஜனவரியில் நடந்த ராணுவப் புரட்சி, ஜூலையில் வந்த எதிர்ப்புரட்சி, வடக்கே இக்போ மக்கள் கொல்லப்பட்டது ஆகியவற்றை ஆசிரியர் ஓரிரு வரிகளில் சொல்லிச் செல்கிறார். போரின்போது நைஜீரிய அரசு பயாஃப்ராவைச் சூழ்ந்து நடத்திய முற்றுகையால் பட்டினி கிடந்த குழந்தைகளின் தலைமுடி செம்பட்டையாகி வயிறு வீங்கும் பக்கங்களுக்கு மட்டும் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

ஆப்பிரிக்க இலக்கியத்தில் பழக்கமுள்ளவர்கள் சொல்லுங்கள்: வரலாற்றை முதலில் படித்துவிட்டு நாவலுக்குத் திரும்புவது நல்லதா, வாசித்துக்கொண்டே தேடுவது நல்லதா? இக்போ பெயர்களையும் சடங்குகளையும் எளிமையாக விளக்கும் நூல், தமிழில் இருந்தால் மிகவும் நல்லது, எதையேனும் பரிந்துரைக்க வேண்டுகிறேன்.