ஜப்பான் – அமெரிக்கா பேஸ்பால்: நேரில் கண்டதைச் சொல்லுங்கள்

சிபாவிலிருந்து:

2022 ஏப்ரல் 10, ஞாயிறு மதியம். டோக்கியோ விரிகுடாவை ஒட்டிய ஸோஸோ மரைன் மைதானத்தில் வலதுபக்கக் காலரியில் உட்கார்ந்திருந்தேன். சிபா லொத்தே மரீன்ஸ் அணியின் தீவிர ரசிகர்கள் கூடும் இடம் அதுதான். கடல் காற்று கிளம்பிவிட்டால் உயரே போன பந்து எங்கே இறங்கும் என்று ஆடுகிறவர்களுக்கே பிடிபடாது. அன்று பந்து எறிந்தவர் (பிட்சர்) ரோக்கி சசாகி, வயது 20. அவர் எறிந்ததைப் பிடிக்க உட்கார்ந்திருந்த கேட்சருக்கு 18 வயது, அந்த வருடம்தான் பள்ளி முடித்து அணிக்கு வந்திருந்தார்.

கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு மூன்று பேர், ஆக 27 பேர். அந்த 27 பேரில் ஒருவர்கூட முதல் பேஸில் கால் வைக்காமல் திரும்பினால் அது பர்ஃபெக்ட் கேம். ஜப்பானில் அதற்கு முன் அது நடந்தது 1994இல். சசாகி அன்று 105 பந்துகளில் முடித்துவிட்டார். 19 பேர் ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே வெளியேறினார்கள், அதில் 13 பேர் அடுத்தடுத்து. கொரோனா கட்டுப்பாட்டால் அப்போது மைதானத்தில் வாய்விட்டுக் கத்தக் கூடாது, கைதட்டலாம், அவ்வளவுதான். ஒன்பதாவது இன்னிங்ஸில் எழுந்த அந்தக் கைதட்டல் மழை பிடித்த மாதிரி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

என்னை இந்த ஆட்டத்துக்குள் இழுத்துவிட்டவர் எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர். அன்றும் பக்கத்து இருக்கையில் இருந்தார். ஆட்டம் முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்: "இவன் இன்னும் எத்தனை வருஷம் நம்மகிட்ட இருப்பான்?"

ஜப்பானில் ஒரு நல்ல பிட்சர் கிடைத்தால் அந்த மகிழ்ச்சியோடு இந்தக் கணக்கும் சேர்ந்தே வந்துவிடுகிறது. இங்குள்ள வீரர் தன் விருப்பப்படி வெளிநாடு போக ஒன்பது பருவங்கள் ஆட வேண்டும். அதற்கு முன்னால் போக அணியின் சம்மதம் வேண்டும். அணி அவரை அமெரிக்க அணிகளின் முன் வைக்கும், வாங்கும் அணி பழைய அணிக்கு ஒரு தொகை தரும். போஸ்டிங் என்று இதற்குப் பெயர். 25 வயது ஆகாதவர் என்றால் அமெரிக்க விதிப்படி அவர் இன்னும் தொழில்முறைக்கு வராத ஆட்டக்காரர் போலத்தான், பெரிய ஒப்பந்தம் கிடைக்காது. யோஷினோபு யமமோட்டோ என்ற பிட்சர் 25 வயதில் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார்: 12 வருடத்துக்கு 32.5 கோடி டாலர், அவரை வளர்த்த ஓரிக்ஸ் அணிக்கு 5 கோடி டாலருக்கு மேல். எங்கள் சசாகி 23 வயதில் அதே அணிக்குப் போனார்: கையெழுத்துத் தொகை 65 லட்சம் டாலர், லொத்தேவுக்கு அதில் கால் பங்கு.

பெரியவருக்குக் கோபம். இரண்டு வருடம் பொறுத்திருந்தால் அணி பிழைத்திருக்குமே என்றார். எனக்குக் கோபப்பட மனம் வரவில்லை. 2011 சுனாமியில் அப்பாவையும் தாத்தா பாட்டியையும் ஒன்பது வயதில் பறிகொடுத்த பையன் அவர். அவரைப் பார்த்து "பொறுத்துப் போயேன்" என்று சொல்ல எனக்கு வாய் எழாது. ஆனாலும் வருத்தம் வருத்தம்தான். இரு நாட்டு பேஸ்பாலையும் அருகில் பார்த்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள். உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து:

நான் இங்கே படிக்க வந்த வருடம் 1995. அதற்கு முந்தைய வருடம் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ததில் அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரே நடக்கவில்லை. கோடீஸ்வரர்கள் சண்டைக்கு நாங்கள் ஏன் டிக்கெட் வாங்க வேண்டும் என்று ஜனங்கள் வெறுத்துப் போயிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் டாட்ஜர்ஸ் அணிக்கு ஹிதெயோ நோமோ வந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, முதுகு பேட்டருக்குத் தெரியும் அளவுக்குத் திரும்பி, ஒரு கணம் அப்படியே நின்று, சுழன்று எறிவார். அதனால்தான் சூறாவளி என்று பெயர். அந்த ஒரு கணத்தில் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

அறை நண்பன் இழுத்துப் போய் மேல்தட்டு மலிவு இருக்கையில் உட்கார வைத்தான். எனக்கு விதிகூடத் தெரியாது. பக்கத்தில் ஒரு மெக்சிகோக் குடும்பம். அந்த அப்பா தன் மகனிடம் ஸ்பானிஷில் ஏதோ சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் விளக்கினார். 1981இல் எங்கள் மெக்சிகோக்காரர் வலென்சுவேலா எறிந்த காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லாரும் இங்கே வந்தோம், இப்போது ஜப்பானியர்கள் முறை என்றார். சுற்றிப் பார்த்தேன். ஜப்பானியக் குடும்பங்கள், கொரியாக்காரர்கள், மெக்சிகோக்காரர்கள், அப்புறம் என்னைப் போல எந்த அணியையும் சேராதவர்கள். ஊருக்குப் புதிதாக வந்து யாரையும் தெரியாமல் திரிந்த எனக்கு அன்று அந்தக் கூட்டத்தில் ஓர் இடம் கிடைத்தது.

நோமோ எப்படி வந்தார் என்பது பின்னால்தான் தெரிந்தது. ஜப்பானில் அவர் ஆடிய கிந்தெட்சு அணி விடவில்லை. 'ஓய்வு பெற்றுவிட்டேன்' என்று எழுதிக் கொடுத்தால் ஜப்பானுக்குள் வேறு அணிக்கு ஆட முடியாது, வெளிநாட்டில் ஆடத் தடையில்லை. விதியில் இருந்த அந்த ஓட்டை வழியாக 26 வயதில் 'ஓய்வு' பெற்று வந்தார். துரோகி என்று அங்கே திட்டியிருக்கிறார்கள். அந்த வருடமே நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் தன் அணியின் தொடக்கப் பிட்சராக எறிந்தார், சிறந்த புதுமுகம் விருதும் வாங்கினார். திட்டிய ஊரிலேயே அவர் ஆட்டத்தைத் தெருவில் பெரிய திரை வைத்துக் காட்டினார்கள். அந்த ஓட்டையை அப்புறம் அடைத்தார்கள், 1998இல் போஸ்டிங் முறை வந்தது. சிபா நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆனால் நோமோ அன்று ஏச்சு வாங்கியிருக்காவிட்டால் இன்று யாருக்கும் இந்தக் கதவு இல்லை.

சான் ஹோசேயிலிருந்து:

நோமோவுக்கு 31 வருடம் முன்பே ஒருவர் வந்தார். மசனோரி முரகாமி. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணியின் கீழ்நிலை அணிக்குப் பயிற்சிக்காக நன்கய் ஹாக்ஸ் அனுப்பிய 20 வயதுப் பையன். 1964 செப்டம்பர் 1 அன்று நியூயார்க்கில் மேல்நிலை அணிக்காக இறக்கிவிட்டார்கள். நன்றாக எறிந்ததுதான் வினையாகப் போயிற்று. இரண்டு அணியும் 'எங்கள் ஆள்' என்று இழுபறி. கடைசியில் 1965 முழுவதும் இங்கே ஆடிவிட்டு ஊர் திரும்பினார். 1967இல் இரு நாட்டு லீக்குகளும் ஒருவர் வீரரை மற்றவர் தொடுவதில்லை என்று ஒப்பந்தம் போட்டார்கள். நோமோ வரும்வரை யாரும் வரவில்லை.

இங்கே ஜப்பான்டவுன் பகுதியில் ஒரு தேநீர்க் கடையில் ஒரு முதியவரைச் சில வருடம் முன்பு சந்தித்தேன். கலிபோர்னியாவில் பிறந்த ஜப்பானியர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தபோது குடும்பத்தோடு அரிசோனா பாலைவனத்தில் ஹீலா ரிவர் முகாமில் அடைபட்டவர். அங்கே கெனிச்சி ஜெனிமுரா என்பவர் தலைமையில் புதர் வெட்டி, தண்ணீர் திருப்பிவிட்டு, முள்வேலிக் கம்பத்தைப் பிடுங்கித் தடுப்பு கட்டி மைதானம் ஒன்று உருவாக்கினார்கள். 1927இல் அமெரிக்க நட்சத்திரங்கள் பேப் ரூத், கெரிக் இருவரோடும் ஒரே மைதானத்தில் ஆடிய ஜெனிமுராதான் அவர். முதியவர் அன்று சிறுவன். "வேலிக்குள்ளே இருந்தோம். ஆனால் ஆடினது அமெரிக்கா ஆட்டம்" என்றார். ஆத்திரம் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னார். 1964இல் முரகாமி வந்தபோது இந்த ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்களாம். தங்கள் முகச்சாயல் கொண்ட ஒருவர் பிட்சர் நிற்கும் மேட்டில் நின்றதைச் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

ஷிசுவோகாவிலிருந்து:

சுருக்கமாக. எங்கள் ஊர் குசனகி மைதானத்துக்கு வெளியே பேப் ரூத் சிலையும் எய்ஜி சவமுரா சிலையும் இருக்கின்றன. 1934 நவம்பர் 20 அன்று, சுற்றுப்பயணம் வந்த அமெரிக்க நட்சத்திர அணிக்கு எதிராக 17 வயது சவமுரா எறிந்தார். ரூத், கெரிக், ஃபாக்ஸ் எல்லாரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்தார். கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 1–0 என்று தோற்றார். பத்து வருடம் கழித்து, 1944 டிசம்பரில், அவர் படைவீரராகப் போன கப்பலை அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. இன்றும் சிறந்த பிட்சருக்குத் தரும் விருது அவர் பெயரில்தான். வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சிலையைக் கடக்கும் நாளெல்லாம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போகிறேன்.

ஒசாகாவிலிருந்து:

எல்லாரும் இங்கிருந்து அங்கே போனதைச் சொல்கிறீர்கள். நான் அங்கிருந்து இங்கே வந்தவரைச் சொல்கிறேன். ராண்டி பாஸ், ஓக்லஹோமாக்காரர். அமெரிக்காவில் நிலையான இடம் கிடைக்காமல் 1983இல் ஹன்ஷின் டைகர்ஸ் அணிக்கு வந்தார். 1985இல் அணிக்கு ஜப்பானின் இறுதித் தொடரான ஜப்பான் தொடரையே வென்று கொடுத்தார். அந்த வருடம் ரசிகர்கள் தோத்தோன்போரி பாலத்தில் நின்று ஒவ்வொரு வீரர் பெயராகக் கூப்பிட, அவரவர் சாயலில் இருந்தவர் கால்வாயில் குதித்தாராம். பாஸ் சாயலில் யாரும் இல்லாததால், தாடி வைத்திருக்கிறதே என்று கே.எஃப்.சி. கோழிக்கடை வாசலில் நின்ற அதன் நிறுவனர் கர்னல் சாண்டர்ஸ் சிலையைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அதன்பின் அணி ஜப்பான் தொடரை வெல்லாததால் சாபம் என்று ஊரே நம்பியது. 2009இல் சிலை சேற்றிலிருந்து வந்தது. கோப்பை வந்தது 2023இல், 38 வருடம் கழித்து.

இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்கு முடி வெட்டுகிற கடைக்காரர் சொன்னது வேறு. அதே 1985இல் பாஸ் 54 ஹோம் ரன் அடித்திருந்தார். யோமியூரி ஜயன்ட்ஸ் வீரர் சதஹரு ஓ 1964இல் அடித்த 55தான் சாதனை. பருவத்தின் கடைசி ஆட்டம் யோமியூரி ஜயன்ட்ஸ் அணியோடு, அந்த அணியின் மேலாளர் அதே ஓ. பாஸுக்கு அடிக்கிற மாதிரி பந்தே எறியவில்லை, வேண்டுமென்றே எட்டாத பந்துகளை எறிந்து, அடிக்காமலே முதல் பேஸுக்கு நடக்கவிட்டார்கள். கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அது நாங்கள் செய்த தப்பு" என்றார். எதிரணி செய்ததை இவர் ஏன் 'நாங்கள்' என்று சொல்கிறார் என்று எனக்கு முதலில் புரியவில்லை. 2001இல் டஃபி ரோட்ஸ், 2002இல் அலெக்ஸ் கப்ரேரா, வெளிநாட்டு வீரர்கள் இருவரும் 55இல் நின்றார்கள். 2013இல் இன்னொரு வெளிநாட்டு வீரர் பலென்டியன் 60 அடித்தபோதுதான் தன் மனசு ஆறியது என்றார் அவர். 2023இல் பாஸை ஜப்பான் பேஸ்பால் புகழரங்கில் சேர்த்த அன்று, கடையில் வந்தவர்களுக்கெல்லாம் அவர் காபி கொடுத்தார்.

சியாட்டிலிலிருந்து:

கடைக்காரர் கதைக்கு இதைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். 2004 அக்டோபர் 1, எங்கள் ஊர் அணியின் ஜப்பான் வீரர் இச்சிரோ, ஒரே பருவத்தில் 257 ஹிட் (அடித்து பேஸை அடைவது) என்ற ஜார்ஜ் சிஸ்லரின் சாதனையைத் தாண்டிய இரவு நான் மைதானத்தில் இருந்தேன். 1920இலிருந்து நின்ற சாதனை. கூட்டம் எழுந்து நிற்க, இச்சிரோ ஓடிப்போனது காலரி ஓரத்தில் இருந்த சிஸ்லர் குடும்பத்திடம். சிஸ்லரின் மகளின் கையைப் பிடித்துக் குனிந்து வணங்கினார். ஐந்து வருடம் கழித்து ஆல் ஸ்டார் ஆட்டத்துக்காக செயின்ட் லூயிஸ் போனபோது மனைவியோடு சிஸ்லர் கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தார். அவர் அடித்த ஹிட்டுகளைவிட எனக்கு இதுதான் பெரிது.

மறுபடியும் சிபாவிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. லாஸ் ஏஞ்சலிஸ் நண்பர் சொன்ன கதவு என்ற சொல் மனசில் நின்றது. பெரியவருக்குப் பாதி வாசித்துக் காட்டினேன்.

சசாகி போனபிறகு டாட்ஜர்ஸ் ஆட்டமே பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார் அவர். 2025 மார்ச்சில் டோக்கியோ டோமில் டாட்ஜர்ஸும் கப்ஸும் ஆடி, அதில் சசாகி முதன்முதலாக அமெரிக்க அணிக்கு எறிந்தபோதுகூட அவர் டிவி போடவில்லை. அப்புறம் பையனுக்குத் தோளில் அடிபட்டு மாதக்கணக்கில் வெளியே இருந்தார். அப்போது மட்டும் மாடிப்படியில் என்னைப் பார்த்தால் "தோள் எப்படி இருக்காம்?" என்று கேட்பார்.

அந்த வருட உலகத் தொடரின் ஆறாவது ஆட்டம், எங்களுக்கு நவம்பர் 1 சனிக்கிழமை காலை. டொரன்டோவில் ஆட்டம், தோற்றால் டாட்ஜர்ஸ் காலி. யமமோட்டோ ஆறு இன்னிங்ஸ் எறிந்து 3–1 என்று வைத்திருந்தார். பெரியவர் ஏழாவது இன்னிங்ஸில் கதவைத் தட்டினார், கையில் ஒரு பை. உள்ளே வந்து ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்தார். எட்டாவது இன்னிங்ஸுக்கு சசாகி ஓடி வந்தார், டாட்ஜர்ஸ் உடையில் 11 என்ற எண்ணோடு. அவருடைய பழைய எண் 17 அங்கே இன்னொரு ஜப்பான் வீரர் ஓதானியிடம் இருக்கிறது. பெரியவர் பையைத் திறந்து லொத்தே சட்டையை எடுத்து மேலே மாட்டிக்கொண்டார். முதுகில் 17. சத்தம் போடாமல், அந்த ஏப்ரல் மாதிரியே, கைதட்ட ஆரம்பித்தார்.