சீரிசைவிட வெஸ்டா ஒளிமிகுந்து தெரிவது ஏன்?

கேள்வி: செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள முதன்மைச் சிறுகோள் பட்டையில் ஏறத்தாழ 940 கி.மீ. விட்டமுள்ள சீரிசைக் காட்டிலும், 525 கி.மீ. மட்டுமே கொண்ட வெஸ்டா ஒளிமிகுந்து தெரிவதற்குக் காரணம் சுற்றுப்பாதையா, மேற்பரப்பா?

மறுமொழி 1: இரண்டும்தான்; ஆனால் மேற்பரப்பின் பங்கே பெரிது. சீரிஸ் தன்மீது விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்புவதில்லை; எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையால் மூடப்பட்ட வெஸ்டாவோ ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பிரதிபலிக்கிறது. சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவும் 2.36 வானியல் அலகுதான் (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு), சீரிசுக்கு 2.77.

மறுமொழி 2: வெஸ்டாவில் இன்னும் வியப்பளிப்பது, 2011இல் அங்கு சென்றடைந்த டான் விண்கலம் விரிவாகப் படமெடுத்த, தென்துருவத்தில் ஏறத்தாழ 500 கி.மீ. அகன்று கிடக்கும் ரியாசில்வியா பள்ளமே. அதை உண்டாக்கிய மோதலில் சிதறிய துண்டுகளே பூமியில் கிடைக்கும் யூக்ரைட் வகை (பசால்ட் பாறையாலான) விண்கற்களுக்கு மூலமென ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.