சேர்க்காட்டில் முதுகலை படித்தவர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். குடியாத்தத்தில் இளநிலை விலங்கியல் முடித்திருக்கும் என் அக்கா மகள், 2002-இல் தொடங்கப்பட்டு வேலூர் மாவட்டம் சேர்க்காட்டில் இயங்கிவரும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்திலேயே முதுகலை சேர்ந்து, பின்னர் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஆராய்ச்சிக்குச் செல்ல வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். இணைவுக் கல்லூரியைவிடப் பல்கலைக்கழகத் துறையில் நேரடியாகப் படித்தால் ஆய்வு மாணவர்களோடு பழகும் வாய்ப்பு கூடும் என்பதே என் எண்ணமும். அக்காவின் கவலையோ வேறு: வளாகம் ஊருக்கு வெளியே இருப்பதால், செய்முறை வகுப்பு நீண்டு இருட்டிவிட்டால் காட்பாடி வரை பேருந்து கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அங்குப் படித்தவர்கள், மாலைநேரப் பேருந்து வசதி, பெண்கள் விடுதியில் இடம் கிடைக்கும் வாய்ப்பு, மெஸ் கட்டணம் ஆகியவற்றைத் தயவுசெய்து விரிவாகத் தெரிவியுங்கள். மாற்றுச் சான்றிதழ் தயாராக உள்ளது. தற்காலிகப் பட்டச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. மதிப்பெண் பட்டியலை மட்டும் வைத்து விண்ணப்பித்துச் சேர்ந்தவர்கள் எவரேனும் இருக்கிறீர்களா?