குடும்பக் குழு: அத்தையின் இமை ஆபரேஷன்

அத்தை: இமை ஆபரேஷனுக்கு அடுத்த மாதம் நாள் குறித்துவிட்டார்கள். இரண்டு மேல் இமையும். பக்கத்துத் தெரு டீச்சருக்கு முகமே பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டதாம். எனக்கும் அப்படி ஆகுமா?

சித்தி: நல்ல டாக்டர் செய்தால் வீங்காது மதினி.

மீனா: யார் செய்தாலும் வீங்கும் சித்தி. உடம்பிலேயே மெல்லிய தோல் இமையில்தான். கொஞ்சம் நீர் கோத்தாலே தெரியும். இரண்டு மூன்று நாள் ஏறும், ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் வடியும். எவ்வளவு வீங்கும் என்பதுதான் ஆளுக்கு ஆள் மாறும். அத்தை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? கடையில் நீங்களாக வாங்குவதையும் சொல்லுங்கள்.

அத்தை: பிரஷர், தைராய்டு. இரவில் ஆஸ்பிரின் 75. முட்டி வலிக்கு எப்போதாவது புரூஃபன்.

கார்த்தி: அம்மா, நான் வாங்கித் தந்த மீன் எண்ணெய், வைட்டமின் ஈ?

சித்தி: அது சத்துதானே!

மீனா: அதைத்தான் யாரும் டாக்டரிடம் சொல்வதில்லை. ஆஸ்பிரின், புரூஃபன், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை எல்லாமே இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தலாம். உள்ளே கசியும் இரத்தம்தான் நீலம் பாய்ந்து வீக்கத்தைக் கூட்டும். எதை எப்போது நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மாமா: அப்போ இன்றைக்கே ஆஸ்பிரினை நிறுத்திவிடலாம்.

மீனா: ஐயோ வேண்டாம் மாமா! அத்தைக்கு இதய இரத்தக் குழாயில் ஸ்டென்ட் இருக்கிறது, அடைப்பை விரித்து வைக்கும் சின்ன வலைக் குழாய். அதில் இரத்தம் உறையாமல் இருக்கத்தான் ஆஸ்பிரின். வீக்கம் தானாக வடியும், ஸ்டென்ட் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இதய டாக்டரும் கண் டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும்.

மாமா: பிரஷர் 150க்குக் கீழே இறங்கவே இல்லை. இவளுக்கு அப்பளம் இல்லாமல் சோறு இறங்காது.

அத்தை: இது இப்போ தேவையா?

மீனா: தேவைதான் அத்தை 😀 பிரஷர் ஏறியிருந்தால் ஆபரேஷன் நடக்கும்போதே கசிவு கூடும். உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். தைராய்டு அளவையும் ஒருமுறை பாருங்கள், அது குறைந்தாலே இமை உப்பும். கிட்னி கோளாறு, அலர்ஜி இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

சித்தி: டீச்சர் மூன்றாம் நாளே தண்ணீர்க்குடம் தூக்கினார். நானே பார்த்தேன்.

மீனா: பிறகு வீங்காமல் என்ன செய்யும்? குனிவது, பாரம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது, விடாத இருமல் எல்லாமே முகத்துக்கு இரத்தத்தை ஏற்றும். கொஞ்ச நாள் கோலத்தை மாமா போடட்டும். தலையை உயர்த்திப் படுங்கள். முதல் இரண்டு நாள் ஐஸைத் துணியில் சுற்றி, விட்டு விட்டு ஒத்தடம் கொடுங்கள்.

சித்தி: விளக்கெண்ணெய் ஒரு சொட்டு?

மீனா: டாக்டர் தந்த மருந்தைத் தவிர எதுவும் கிட்டே வரக்கூடாது சித்தி.

கார்த்தி: எப்போது பயப்பட வேண்டும்?

மீனா: ஒரு கண் மட்டும் திடீரென்று வீங்கி, வலி கூடி, விழி முன்னால் தள்ளினாலோ பார்வை மங்கினாலோ நடு ராத்திரியானாலும் கிளம்பிவிடு. கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்கி நரம்பை அழுத்தினால் பார்வையே போகலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அத்தை: ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள் வளைகாப்பு இருக்கிறதே?

மீனா: டாக்டர் சரி என்றால் போகலாம். போட்டோவில் லேசாக வீக்கம் தெரியும், கூலிங் கிளாஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா: மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?

மீனா: அனுப்புங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது அட்டைகளையே எடுத்துப் போங்கள் மாமா. மீன் எண்ணெய் டப்பாவையும்.