ஸ்பானிய மொழியில் ‘வெளிக்கிடுவோம்’ என்பதற்கு இரண்டு வடிவமா?

உப்புவெளிப் படகு:
திமிங்கிலம் பார்க்கவும் புறாத்தீவுக்கும் ஆட்களைப் படகில் ஏற்றிப் போகிறேன். இந்த வருசம் ஸ்பெயின்காரர் நிறைய வருகிறார்கள், சிலருக்கு ஆங்கிலம் ஓடாது. அதனால் போனில் ஸ்பானியம் படிக்கிறேன். சாலீர் என்றால் வெளிக்கிடுவது. அதில் ‘சால்த்ரேமோஸ்’, ‘சால்த்ரீயாமோஸ்’ என்று இரண்டு இருக்கிறது. நமக்கு இரண்டுமே ‘வெளிக்கிடுவோம்’தான். ‘கடல் அமைதியாக இருந்தால் ஆறு மணிக்கு வெளிக்கிடுவோம்’ என்பதற்கு எது சரி? அந்த ‘ஈயா’ அட்டவணைக்கும் ஏதாவது குறுக்குவழி சொல்லுங்கள்.

கச்சான் காற்று:
எதைச் சொன்னாலும் விளங்கிக்கொள்வார்கள் அண்ணா. காசைக் கணக்காகச் சொன்னால் போதும்.

மொழிப்பித்து:
காசு சரி, ஆனால் இந்த இடத்தில் மாற்றிச் சொன்னால் ஆள் வராது தம்பி. ‘சி எல் மார் எஸ்தா த்ராங்கீலோ, சால்த்ரேமோஸ்’ என்றால் பயணம் நடக்கலாம், கடலைப் பொறுத்தது. ‘சி எல் மார் எஸ்துவியேரா த்ராங்கீலோ, சால்த்ரீயாமோஸ்’ என்றால் கடல் இப்போது அமைதியாக இல்லை, ஆகவே போகவில்லை. இதைக் கேட்டவர் திரும்பப் போய்ப் படுத்துவிடுவார். உங்களுக்கு வேண்டியது முதலாவது. இன்னொன்று, ‘சி’ (நம் ‘-ஆல்’) வரும் பாதியில் ‘ஈயா’ வடிவத்தைப் போடாதீர்கள்.

அட்டவணை சுகம். வினையின் வாலை வெட்டாமல் முழுச்சொல்லோடு, நான், நீ, அவர், நாம், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஒட்டுங்கள்: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான். நாதார் (நீந்து) நாதாரீயா, வேர் (பார்) வெரீயா, இர் (போ) இரீயா. ஆர், ஏர், இர் என்று முடியும் மூன்று வகை வினைக்கும் இதேதான். ‘நான்’ வடிவமும் ‘அவர்’ வடிவமும் ஒன்று.

முரண்டு பிடிப்பவை 12 அளவில்தான். போதெர் (முடி) போத்ரீயா, தெனேர் (வைத்திரு) தெந்த்ரீயா, அசேர் (செய்) ஆரீயா, உங்கள் சாலீரும் அதில் சேர்த்தி. எதிர்காலத்துக்கும் அதே அடிதான் என்பதால் ஒருமுறை படித்தால் இரண்டுக்கும் ஆகும்.

படகுக்காரருக்கு இது மரியாதைப் பேச்சிலேயே அதிகம் உதவும். ‘லே குஸ்தாரீயா வேர் பாயேனாஸ்?’ என்றால் ‘திமிங்கிலம் பார்க்க விருப்பமா?’. ‘போத்ரீயா எஸ்பெரார் அக்கீ?’ என்றால் ‘இங்கே கொஞ்சம் நிற்பீர்களா?’. ஆட்களை ஏற்றும்போது இரண்டாவதுதான் வாயில் நிற்கும்.

உப்புவெளிப் படகு:
நன்றி அண்ணா. வாடைக் காலத்தில் வந்து திமிங்கிலம் கேட்பவர்களுக்கு, ‘ஜூனில் வந்திருந்தால் போயிருப்போம்’ என்று சொல்ல வேண்டும். அதற்கும் இதுவா?

மொழிப்பித்து:
இதேதான், ‘அபேர்’ என்ற துணைவினையோடு: ‘சி உபியேரான் வெனீதோ என் ஹூனியோ, அப்ரீயாமோஸ் சாலீதோ.’ நீளமென்றால் ‘என் ஹூனியோ, சீ’ (ஜூனில் என்றால், ஆம்) என்று கடலைக் காட்டுங்கள்.

கச்சான் காற்று:
நான் சொன்னதும் அதுதானே!