ஸ்பிரிங் மாற்றிய பிறகு பின் டயர் உரசுகிறது
ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார் வைத்திருக்கிறேன். மூன்று வாரம் முன்பு காரை 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டேன். கூடவே 18 அங்குலம், 8.5 அங்குல அகலம், ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டுக்கும் அது காரில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம், மி.மீ.; குறைந்தால் வீல் வெளியே வரும்) 45 வீல், 235/40 டயர் (அகலம் 235 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 40%). முன்பு இருந்தது 7.5 அகலம், ஆஃப்செட் 49, 225/40. கணக்குப்படி வீலின் விளிம்பு சுமார் 17 மி.மீ. வெளியே வந்திருக்கிறது, டயர் விட்டமும் 8 மி.மீ. கூடிவிட்டது.

பின்னால் இருவர் உட்கார்ந்து வேகத்தடை ஏறி இறங்கினால் ‘சர்ர்’ என்று சத்தம். வலது பின் டயரின் தோளில் விரல் அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து பளபளக்கிறது. முன்பக்கம் பிரச்சினை இல்லை.

அலைன்மென்ட் பார்த்தாயிற்று. அப்புறம் பின் கேம்பரை (வீலின் மேல்பக்கம் உள்ளே சாயும் கோணம்) மைனஸ் 2 டிகிரி வரை கொண்டுபோனேன். சத்தம் குறைந்தது, நிற்கவில்லை. ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) விளிம்பை மடக்க மனசு வரவில்லை, பெயின்ட் வெடித்தால் துருப்பிடிக்கும்.

இதே வீலில் 225/40 டயர் போட்டால் உரசல் நிற்குமா, இல்லை ஆஃப்செட் கூடுதலான வீல்தான் வாங்க வேண்டுமா?