பிளாங்க் = கழை? தூண்டில் கட்டுவோருக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். போன வாரம் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் பதில் எழுதியதற்கு நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிக்கும் தூண்டிலைச் சொந்தமாகச் செய்துபார்க்க விரும்புகிறவர்களுக்குத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். "முதலில் ஒரு பிளாங்க் வாங்குங்கள்." பிடியும் வளையங்களும் சேர்க்காமல் கடையில் விற்கும் தூண்டிலின் நீளக் குழல்தான் பிளாங்க். இந்த பிளாங்கைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதுவரை வந்தவை:

> வெற்றுக்கோல்
> வெறுந்தண்டு
> மூலக்குழல்
> பிளாங்க் என்றே இருக்கட்டும், கடையில் அப்படித்தானே கேட்கப் போகிறார்கள்

நான்கையும் கையேட்டில் போட்டுப் படித்துப் பார்த்தேன். வெற்றுக்கோல் முதல் பக்கத்தில் நன்றாகவே இருந்தது. நாலாம் பக்கத்தில் இடித்தது. பிடி ஒட்டி, வளையங்கள் கட்டி, தூண்டில் முழுமையான பிறகும் உள்ளே இருக்கும் அந்தக் குழலை பிளாங்க் என்றுதான் சொல்கிறார்கள். மீன் இழுத்து அது முறிந்தால் "பிளாங்க் போச்சு" என்பார்கள். அப்போது அது வெற்றாக இல்லையே? அதனால் 'வெற்று', 'வெறும்' இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. பொருளிடம் இல்லாததைச் சொல்லும் பெயர், இல்லாதது வந்து சேர்ந்ததும் பொய்யாகிவிடுகிறது.

சரி, அதனிடம் இருப்பது என்ன? நான் கட்டியது 9 அடி, 5ஆம் எண் கயிற்றுக்கானது, நான்கு துண்டு. முதல்முறை கட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் இந்த அளவைத்தான் சொல்வார்கள். குழாய் போல உள்ளே கூடு. அடியில் சுண்டுவிரலை விடக் கொஞ்சம் மெலிசு, நுனியில் தீக்குச்சிப் பருமன். பிசின் ஊறிய கார்பன் இழைத் துணியை நீள முக்கோணமாக வெட்டி, நுனி சிறுத்த எஃகுக் கம்பியில் இறுக்கிச் சுருட்டி, அடுப்பில் வேகவைத்து, கம்பியை உருவிவிடுகிறார்கள்.

சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே இறகும் நூலும் சேர்த்துக் கட்டிய பொய்ப்பூச்சிக்குக் கனமே கிடையாது. கயிற்றுக்குத்தான் கனம். 5ஆம் எண் கயிறு என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். அந்த 9 கிராம் கயிற்றைக் காற்றில் விரித்து எறிய வேண்டியது இந்தக் குழலின் வேலை. வளைய வேண்டும், வளைந்தபின் சட்டென்று நிமிர வேண்டும். இது ஒன்றுக்காகத்தான் மற்ற எல்லாம்.

'கோல்' என்ற சொல்லில் எனக்கு இதுதான் குறை. ஊன்றுகோல், அளவுகோல், துலாக்கோல் எல்லாம் நிமிர்ந்தே நிற்க வேண்டியவை. செங்கோல் வளைந்தால் கொடுங்கோல் ஆகிவிடுகிறது. நமக்கோ வளையாவிட்டால் பயனில்லை.

இரண்டு நாள் இதே நினைப்பாக இருந்தேன். அப்போதுதான் குறுந்தொகையின் 54ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது.

கான யானை கைவிடு பசுங்கழை
மீன்எறி தூண்டிலின் நிவக்கும்

மூங்கிலைத் துதிக்கையால் வளைத்துத் தின்கிற யானை, தினைப்புனத்தில் காவலர் விடும் கவண் ஒலிக்கு மிரண்டு அதை விட்டுவிடுகிறது. விட்ட மூங்கில், மீனோடு மேலே எழும் தூண்டில் போல நிமிர்கிறது. பாடியவரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. இந்த உவமையை வைத்தே அவரை மீனெறி தூண்டிலார் என்று அழைக்கிறோம். வளைந்து விடுபட்டு நிமிரும் அந்த ஒரு கணத்தை அவர் தூண்டிலிலும் பார்த்திருக்கிறார், மூங்கிலிலும் பார்த்திருக்கிறார். அந்த மூங்கிலுக்கு அவர் சொன்ன சொல் கழை.

ஆகவே என் பரிந்துரை: பிளாங்க் = கழை.

உள்ளே கூடானது, அடி பருத்து நுனி சிறுத்தது, வளைந்து நிமிர்வது. மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே இருக்கின்றன. வழக்கிழந்த சொல்லும் இல்லை. கழைக்கூத்தாடி என்றால் தெருவில் யாருக்கும் புரியும்.

மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிடி, நுனி, அடி இவற்றில் சிக்கல் இல்லை. கயிறு ஓடும் கைடுக்கு 'வழிகாட்டி' என்று ஒருவர் எழுதியிருந்தார். வளையம் போதும் என்று நினைக்கிறேன். பிடிக்கு அடுத்து வரும் பெரியது முதல் வளையம், முனையில் ஒட்டுவது நுனி வளையம், நடுவில் வரும் முறுக்கிய கம்பிகள் முறுக்கு வளையங்கள். வளையத்தின் காலை (குழலின் மேல் படியும் அதன் பகுதியை) நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டும் வேலைக்கு 'வரிச்சுற்று' என்று வைத்திருக்கிறேன். வரிந்து கட்டுவது என்கிறோம் அல்லவா, அதிலிருந்து எடுத்தது.

உங்கள் கருத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஈஸ்டன், பென்சில்வேனியாவிலிருந்து

---

மறுமொழி

தம்பிக்கு,

பாட்டை எடுத்துக்காட்டியது மனத்துக்கு நிறைவாக இருந்தது. ஆனாலும் மூன்று தடைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று, கழை என்றால் மூங்கில். கரும்புக்கும் அந்தப் பெயர் உண்டு, ஓடம் தள்ளும் கோலுக்கும் உண்டு. கார்பன் குழலை மூங்கில் என்று அழைத்தால் படிப்பவர் கடையில் போய் மூங்கில் கேட்க மாட்டாரா?

இரண்டு, மூங்கிலிலேயே தூண்டில் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள் என்று நீங்களே முன்பு எழுதினீர்கள். அவர்களுக்கு என்ன சொல் மிச்சம் வைக்கப் போகிறீர்கள்?

மூன்று, ஒரு சிறிய திருத்தம். வரிந்து சுற்றுவது என்ற பொருளில் வினைத்தொகையாக வருமானால் வலி மிகாது. 'வரிசுற்று' என்றே எழுத வேண்டும், ஊறுகாய், சுடுசோறு போல. 'வரிச்சுற்று' என்றால் வரிகளாலான சுற்று என்று வேறு பொருளாகிவிடும்.

நான் உதகையில் வளர்ந்தவன். அவலாஞ்சியில் 1907இல் தொடங்கிய டிரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. மலையில் அந்த மீனுக்கு டிரவுட் என்ற பெயர்தான் நிலைத்துவிட்டது. அதை மட்டும் தமிழாக்க வேண்டாம்.

அன்புடன்

---

மறுமொழி

ஐயா,

வணக்கம். வரிசுற்று என்று உடனே மாற்றிவிட்டேன். டிரவுட் டிரவுட்டாகவே இருக்கும்.

முதல் தடைக்கு என் பதில் எண்ணெய். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய் என்கிறோம், மண்ணெண்ணெய் என்கிறோம், யாரும் எள்ளைத் தேடுவதில்லை. முதலில் எதனால் செய்தார்களோ அதன் பெயர் அந்த வகை முழுவதற்கும் பெயராவது நம் மொழிக்குப் பழக்கமானது. இந்தத் தூண்டிலின் வரலாறும் அதற்கு இடம் கொடுக்கிறது. நான் இருக்கும் இதே ஈஸ்டனில் 1840களின் நடுவில் சாமுவேல் பிலிப்பி என்ற துப்பாக்கித் தச்சர், வயலினும் செய்தவர், மூங்கிலைக் கீற்றுகளாகப் பிளந்து ஒட்டித் தூண்டில் செய்தார். அந்தக் காலத்தில் இதற்குப் பயன்பட்ட மூங்கிலை அமெரிக்கர்கள் கல்கத்தா மூங்கில் என்று அழைத்தார்கள், இந்தியாவிலிருந்து கப்பலில் போனது. பிறகு சீனாவின் குவாங்டாங் பகுதியிலிருந்து டோங்கின் மூங்கில் வந்தது. 1950இல் அமெரிக்கா சீனாவோடு வாணிகத்தைத் தடைசெய்தபோது அதன் வரத்து நின்றது. கண்ணாடியிழை அதற்குச் சற்று முன்பே வந்திருந்தது, 1970களில் கார்பன் வந்தது. பொருள் மூன்று முறை மாறியும் வேலை மாறவில்லை. அந்த வேலைக்குத்தான் கழை என்ற பெயரைக் கேட்கிறேன். தேவைப்படும் இடத்தில் கார்பன் கழை, கண்ணாடியிழைக் கழை என்று அடைகொடுத்துவிடலாம். கடையில் குழப்பம் வராது.

இரண்டாவது தடை என்னை நிஜமாகவே யோசிக்க வைத்தது. மூங்கில் தூண்டில் செய்பவர் ஆறு கீற்றுகளை, ஒவ்வொன்றும் 60 பாகை முக்கோணமாக வரும்படி சீவி, ஆறுபட்டையாக ஒட்டுகிறார். அதைக் கீற்றுக்கழை என்று சொல்லலாமா? கேட்க இயல்பாக இருக்கிறது. இன்னொரு விஷயத்திலும் உங்கள் தடை என்னைக் காப்பாற்றியது. துண்டுகள் ஒன்றில் ஒன்று செருகும் இடத்துக்குக் 'கணு' என்று வைக்க ஆசைப்பட்டிருந்தேன். கழை என்றால் கணு இருக்குமே என்ற எண்ணம்தான். ஆனால் கீற்றுக்கழை செய்பவருக்கு உண்மையான கணுவே பெரிய வேலை. சூடுகாட்டி அமுக்கித் தட்டையாக்கி, ஒரு கீற்றின் கணு பக்கத்துக் கீற்றின் கணுவோடு சேராதபடி தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். அந்தச் சொல்லை அவரிடமே விட்டுவிட்டேன். செருகும் இடம் மூட்டு.

வரிசுற்றின் மேல் எபாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து இறுகவைக்கும் பிசின்) பூசும் கட்டத்துக்குப் 'பூச்சு' என்று எழுதியிருந்தேன். பொய்ப்பூச்சி வரும் நூலில் பூச்சும் வந்தால் கண் தடுமாறுகிறது. 'எபாக்சி பூசுங்கள்' என்று வினையாகவே விட்டுவிட்டேன். இந்த இடத்தில் சொல் தெளிவாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. என் முதல் தூண்டிலில் இரண்டு பாகங்களையும் கண்ணளவில் கலந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் தொட்டாலும் பிசுபிசுவென்று ஒட்டியது. பத்து வளையங்களின் கட்டையும் அறுத்து எடுத்து முதலிலிருந்து சுற்றினேன். ஒரு மாத மாலைப்பொழுதுகள் போயின. "சம அளவு, ஊசிக்குழலால் அளந்து" என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன்.

கழையின் ஸ்பைன் என்பதற்கு முதுகெலும்பு என்று வந்திருந்தது. உள்ளே எலும்பு போல ஏதும் கிடையாது. துணியைச் சுருட்டும்போது அது தொடங்கி முடியும் இடத்தில் சுவர் ஒரே சீராக அமைவதில்லை, அதனால் ஒரு பக்கம் கூடுதலாக விறைத்து நிற்கிறது. முதுகு என்றால் போதும்.

இனி சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, கையேட்டின் ஒரு பத்தி:

"கழையின் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக முதுகு பாருங்கள். துண்டின் அடியை வழவழப்பான தரையில் ஊன்றி, மேல்முனையை ஒரு கை விரல்களில் சாய்வாகத் தாங்கி, நடுவில் மறு கையால் மெல்ல அழுத்துங்கள். வளைந்த நிலையிலேயே உருட்டினால் ஓரிடத்தில் துண்டு தானாகத் துள்ளித் திரும்பி நிற்கும். அங்கே காகித நாடா ஒட்டி அடையாளம் வையுங்கள். எல்லா வளையங்களும் அந்த அடையாளத்தை வைத்து ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வளையக் கணக்கு: ஒவ்வோர் அடி நீளத்துக்கும் ஒன்று, அதோடு நுனிக்கு ஒன்று. வளையத்தின் காலை அரத்தால் கத்திமுனை போல ராவிக்கொண்டால் வரிசுற்றின் நூல் இடைவெளியில்லாமல் காலின் மேல் ஏறும். நுனி வளையத்தை மட்டும் சூட்டில் உருகும் பசையால் ஒட்டுங்கள். பின்னால் தேய்ந்தால் சூடுகாட்டிக் கழற்றி மாற்றலாம்."

இதில் எங்காவது நின்று மறுபடி படிக்க வேண்டியிருந்தால் அந்த இடத்தைச் சொல்லுங்கள் ஐயா. தக்கை பற்றியும் ஒரு சந்தேகம் இருக்கிறது. பிடி செய்வது அரை அங்குலத் தக்கை வட்டுகளை ஒட்டித்தான். ஆனால் தூண்டிலில் தக்கை என்றால் நம் ஊரில் நரம்பில் கட்டும் மிதப்பு. இரண்டையும் தக்கை என்றே விடுவதா, மிதப்பைப் பிரித்து எழுதுவதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது எழுதினால் அடுத்த அத்தியாயத்தில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்